பிறந்த பூனைக்குட்டியும் தெள்ளுப்பூச்சியும்

மாடிப்படிக்கு அடியிலோ பரண் மேலோ ஒரு பூனை குட்டி போட்டுவிட்டால் தெருவே வைத்தியராகிவிடும். குட்டியின் வயிற்றில் பழுப்பாக ஏதோ ஓடுகிறது என்று சொன்னால் போதும். ஒருவர் வேப்பெண்ணெய் தடவச் சொல்வார். இன்னொருவர் நாய்க்கு வாங்கிய பவுடர் மிச்சம் இருக்கிறது, தரட்டுமா என்பார். அந்துருண்டையைப் பெட்டிக்குள் போட்டு வைக்கச் சொல்பவரும் உண்டு. ‘ஷாம்பு போட்டு ஒரு தடவை குளிப்பாட்டினால் எல்லாம் போய்விடும்’ என்பது பொதுத் தீர்ப்பு. இவற்றில் சில பயனில்லாதவை. சில, குட்டியைக் கொன்றுவிடும்.

பூச்சி எங்கே வளர்கிறது, பிறந்த குட்டியின் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்ற இரண்டையும் விட்டுவிட்டு மருந்தை மட்டுமே பேசுவதால் வரும் குழப்பம் இது. அந்த இரண்டையும் முதலில் பார்த்துவிடலாம்.

## எந்தப் பூச்சி என்று தெரிந்துகொள்ளுங்கள்

பூனை மேல் எது ஓடினாலும் ‘பேன்’ என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் மூன்று வேறு பூச்சிகள் இருக்கின்றன. பேன் மெதுவாக ஊரும். ஈரை ரோமத்திலேயே ஒட்டி வைக்கும். உண்ணிக்கு எட்டுக் கால். தோலைக் கவ்விக்கொண்டு ஒரே இடத்தில் கிடந்து, ரத்தம் குடிக்கக் குடிக்க உப்பும். மூன்றாவதுதான் தெள்ளுப்பூச்சி. இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நீளம், கரும்பழுப்பு நிறம், இறக்கை கிடையாது. இரண்டு பக்கமும் அமுக்கிய மாதிரி ஒல்லியான உடம்பு என்பதால் ரோமத்துக்குள் சரசரவென்று புகுந்து ஓடும். பிடிக்கப் போனால் தாவிவிடும். பூனைகளைப் பெரும்பாலும் படுத்துவது இதுதான். நாயையும் விடாது.

பூச்சி கண்ணில் படவில்லை, ஆனால் குட்டியின் ரோமத்தடியில் கருப்பாகப் பொடிப்பொடியாக ஏதோ இருக்கிறது என்றால் ஒரு சின்னச் சோதனை. அந்தப் பொடியை ஈரமான வெள்ளைப் பஞ்சில் வைத்து லேசாகத் தேயுங்கள். மண்ணாக இருந்தால் மண்ணாகவே இருக்கும். சுற்றிலும் செம்பழுப்பாகக் கறை பரவினால், அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். குடித்த ரத்தம் பாதி செரித்தும் செரிக்காமலும் வெளியே வந்து காய்ந்தது.

## பெட்டிதான் தொட்டி

டெங்கு காலத்தில் வீடு வீடாக வரும் ஊழியர்கள் கொசுவைத் துரத்திக்கொண்டு ஓடுவதில்லை. மூடாத தொட்டி, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை என்று தண்ணீர் தேங்கும் இடங்களைத்தான் பார்க்கிறார்கள். பறக்கும் கொசுவை அடித்தாலும் தொட்டிக்குள் புழு நெளிந்துகொண்டிருந்தால் நாளைக்கும் கொசு வரும். தெள்ளுப்பூச்சி விஷயத்தில் அந்தத் தொட்டி, குட்டிகள் படுத்திருக்கும் பெட்டி. இன்னும் சரியாகச் சொன்னால், பெட்டியில் விரித்த துணி, அதற்கு அடியில் தரை, பக்கத்தில் சுவரோரத்து விரிசல்.

நடப்பது இதுதான். பெண்பூச்சி பூனை மேல் ஏறி முதல் ரத்தம் குடித்து ஓரிரு நாளில் முட்டையிடத் தொடங்கும். நன்றாக இடும் காலத்தில் ஒரு நாளைக்கு 40, 50 முட்டை வரை. பேனின் ஈர் மாதிரி இது ஒட்டாது. வழவழப்பான, அரை மில்லிமீட்டர் அளவுள்ள வெள்ளை முட்டை. பூனை எங்கே படுக்கிறதோ அங்கே உதிரும். குட்டி போட்ட பூனை நாளின் பெரும்பகுதி எங்கே படுத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அத்தனை முட்டையும் குட்டிகளின் படுக்கையில்தான்.

முட்டை சில நாளில் பொரித்து, மெல்லிய வெள்ளைப் புழு வெளியே வரும். இதற்கு லார்வா என்று பெயர். இது யாரையும் கடிக்காது. வெளிச்சத்தைக் கண்டால் ஒதுங்கி, துணி மடிப்புக்குள்ளும் தரைவிரிசலுக்குள்ளும் இறங்கிவிடும். அங்கே அதன் முக்கியமான சாப்பாடு, மேலே இருந்து பெரிய பூச்சிகள் உதிர்க்கும் அந்தக் கருப்பு எச்சம். வளர்ந்த பூச்சி தனக்குத் தேவையானதைவிட நிறைய ரத்தம் குடித்து, மிச்சத்தைக் கீழே தள்ளுகிறது. அதைத் தின்று கீழே அடுத்த தலைமுறை வளர்கிறது. பூச்சியின் வாழ்க்கையிலேயே சாமர்த்தியமான ஏற்பாடு இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

ஒன்று, ஒன்றரை வாரத்தில் லார்வா தன்னைச் சுற்றிப் பிசுபிசுப்பான நூலால் கூடு கட்டிக்கொள்ளும். இந்த நிலைக்குக் கூட்டுப்புழு என்று பெயர். கூட்டின் மேல் தூசியும் மண்ணும் ஒட்டிக்கொள்வதால் பார்த்தால் வெறும் அழுக்குத் துணுக்கு போலத்தான் தெரியும். பூச்சிமருந்து தெளித்தாலும் உள்ளே சேராது. வசதியான சூழ்நிலை என்றால் சில நாளில் பூச்சி வெளியே வரும். இல்லாவிட்டால் மாதக்கணக்கில் அப்படியே காத்திருக்கும். உடம்புச் சூடு, காலடி அதிர்வு, மூச்சுக்காற்று இவற்றில் ஒன்று பட்டால் கூட்டை உடைத்துக்கொண்டு தாவும். பூனை படுத்திருந்த வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்தவுடன் கணுக்காலில் வரிசையாகக் கடி வாங்குவது இதனால்தான்.

முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சி வரை, வெப்பமும் ஈரப்பதமும் தோதாக இருந்தால், இரண்டு மூன்று வாரம் போதும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் பெரும்பாலான மாதங்கள் தோதானவைதான்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: ஒரு வீட்டில் இருக்கும் மொத்தத் தெள்ளுப்பூச்சிகளில் பூனை மேல் நாம் பார்ப்பது 100-க்கு 5 என்பது வழக்கமான கணக்கு. மீதி 95, முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் கீழே கிடக்கிறது. குட்டியைக் குளிப்பாட்டி அதே துணியில் படுக்க வைத்தால், நீங்கள் ஒழித்தது அந்த 5-ஐ மட்டும்.

## ஏழு மில்லி ரத்தம்

பெரிய பூனைக்குத் தெள்ளுப்பூச்சி பெரும்பாலும் ஓர் அரிப்புத் தொல்லை. பிறந்த குட்டிக்கு அப்படி இல்லை. இது ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பிறக்கும்போது குட்டியின் எடை சுமார் 100 கிராம். அதன் உடம்பில் ஓடும் மொத்த ரத்தம் ஆறு, ஏழு மில்லிதான், ஒன்றரை டீஸ்பூன். பெண் தெள்ளுப்பூச்சி ஒவ்வொன்றும் தன் எடையைப் போல 15 மடங்கு வரை ஒரு நாளில் குடிக்கும். எழுபதுக்குச் சற்று அதிகமான பெண்பூச்சிகள் சேர்ந்தால் ஒரு நாளைக்கு ஒரு மில்லி. குட்டியின் ரத்தத்தில் ஏழில் ஒரு பங்கு ஒரே நாளில் போகிறது என்று அர்த்தம். நம் அளவில் சொன்னால், ரத்த தானத்தில் 350 மில்லி எடுப்பார்கள். அதைப் போல இரண்டு மடங்கை தினமும் எடுப்பதற்குச் சமம். எழுபது பூச்சி வேண்டாம், இருபது முப்பது இருந்தாலும் பத்து நாளில் குட்டி துவண்டுவிடும். பாலில் இரும்புச்சத்து குறைவு என்பதால் போன ரத்தத்தை உடம்பு வேகமாக ஈடுகட்டவும் முடியாது.

ரத்தத்தில் சிவப்பணுக்கள் இப்படிக் குறைந்துபோவதுதான் ரத்தசோகை. கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். குட்டியின் மேலுதட்டைக் கட்டைவிரலால் லேசாகத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் சரி. வெளுத்து, சாம்பல் பூத்த மாதிரி இருந்தால், கூடவே குட்டி பால் குடிக்காமல் ஒதுங்கிக் கிடந்தால், அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ராத்திரி கழியட்டும் என்று காத்திருக்கும் நிலை அல்ல அது. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசுக் கால்நடை மருந்தகமோ தனியார் மருத்துவரோ. ஆடு மாடு மட்டும்தான் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு பலர் போவதே இல்லை. பூனையையும் பார்ப்பார்கள்.

## குட்டிக்குத் தானாகச் சூடு வராது

குளியல் ஏன் ஆபத்து என்பது இங்கேதான் இருக்கிறது. முதல் வாரத்தில் பூனைக்குட்டிக்கு நடுங்கக்கூடத் தெரியாது. நடுக்கம் என்பது தசைகளை அசைத்து உடம்பு சூடு உண்டாக்கும் வழி. அந்த வழி இன்னும் திறக்கவில்லை. தாயின் வயிறும் கூடப் பிறந்தவர்களின் உடம்பும்தான் அதற்கு அடுப்பு. முதல் வாரம் படுக்கைப் பக்கத்தில் 30 டிகிரி செல்சியஸ் ஒட்டிய வெப்பம் வேண்டும். நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமா என்று கேட்கலாம். ஆனால் மொசைக் தரையும் டைல்ஸும், தலைக்கு மேல் ஓடும் மின்விசிறியும் ஒரு குட்டியைக் குளிர வைக்கப் போதும். ஏசி அறை என்றால் கேட்கவே வேண்டாம்.

குளிர்ந்துபோன குட்டியின் வாய்க்குள் சுண்டுவிரலை வைத்தால் சில்லென்று இருக்கும். சத்தம் மெலிந்துவிடும். இந்த நிலையில் நல்ல மனத்தோடு நாம் செய்யும் பெரிய தவறு, உடனே பால் புகட்டுவது. உடம்பு குளிர்ந்தால் குடல் வேலை நின்றுவிடும். புகட்டிய பால் செரிக்காமல் வயிற்றிலேயே கெடும், அல்லது எதுக்களித்து நுரையீரலுக்குள் போகும். முதலில் சூடு, அப்புறம்தான் பால். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபக்கம் ஊர்ந்துபோக இடம் இருக்க வேண்டும். அவசரப்படாமல், மெதுவாகச் சூடேற்றுவதுதான் நல்லது.

சுருக்கமாக: ரத்தம் குறைந்த குட்டியை ஈரத்தோடு விடுவது, ஒரு ஆபத்துக்குப் பதிலாக இரண்டைக் கொடுப்பது.

## மருந்து ஏன் வேண்டாம்

உடம்புக்குள் போகும் நச்சை நம் கல்லீரல் ஒரு சர்க்கரைப் பொருளோடு இணைத்து, தண்ணீரில் கரையும்படி மாற்றி, வெளியேற்றிவிடும். பூனைகளின் கல்லீரலில் இந்த வேலையைச் செய்யும் நொதி மிகக் குறைவு. நொதி என்றால் உடம்புக்குள் ஒரு வேதிவேலையை வேகமாக நடத்திக்கொடுக்கும் புரதம். நாய்க்கு ஒன்றும் செய்யாத பொருள் பூனையைச் சாய்ப்பது இதனால்தான். பிறந்த குட்டிக்கோ கல்லீரலே இன்னும் முழுதாக வேலை பழகவில்லை.

நாய்களுக்கான பல பவுடர்களிலும் சொட்டு மருந்துகளிலும் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. பூனைக்கு அது நரம்பு நஞ்சு. நடுக்கம், வலிப்பு வந்து இறந்துபோகலாம். மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் டெல்டாமெத்ரினும் அதே குடும்பம். மனிதர்களின் பேன் மருந்துகள் சிலவற்றிலும் பெர்மெத்ரின் உண்டு, ஆகவே பாப்பாவுக்கு வாங்கியதுதானே என்று எடுத்துவிட வேண்டாம். பெட்டியைத் துடைக்க பினாயில் போடுவதும், அந்துருண்டை வைப்பதும் இதே காரணத்தால் கூடாது. மண்ணெண்ணெயைப் பற்றிப் பேசவே வேண்டாம். வேப்பெண்ணெய் இயற்கையானதுதான், ஆனால் இயற்கையானது என்பதற்காகக் கல்லீரல் சலுகை தராது. தடவிய எண்ணெயைத் தாய்ப்பூனை நக்கி விழுங்கும், குட்டியின் ரோமம் ஒட்டிப்போய் இன்னும் குளிரும்.

## அப்படியானால் என்ன செய்வது

ஒரு பேன் சீப்பு போதும். பல் நெருக்கமான உலோகச் சீப்பாக இருந்தால் நல்லது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைத்த தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். குட்டியைத் துண்டில் பொதிந்து மடியில் வைத்து, வேண்டிய இடத்தை மட்டும் திறந்து வாருங்கள். காதுக்குப் பின்னால், தாடைக்கு அடியில், வயிறு, வால் தொடங்கும் இடம். இங்கேதான் பூச்சி அதிகம் ஒதுங்கும். சீப்பில் சிக்கியதும் உடனே கிண்ணத்தில் முக்க வேண்டும். வெறும் தண்ணீர் என்றால் பூச்சி மேலே மிதந்து தாவிப் போய்விடும். சோப்பு நீரின் மேற்பரப்பை இளக்கிவிடுவதால் மூழ்கும். பேனை நசுக்குவது போல நகத்தில் வைத்து நசுக்கப் பார்க்காதீர்கள். ஓடு கெட்டி, வழுக்கிக்கொண்டு போகும். ஒரு குட்டிக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தாயிடம் விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று சொல்வார்கள். மென்மையாகக் கையாண்டு திருப்பி வைத்தால் தாய் அப்படிச் செய்வதில்லை. ஆனால் கூட்டம் கூடி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறு இடம் போய்விடும்.

சீப்புக்கு அடங்காத அளவு பூச்சி இருந்தால் மட்டும் குளியல். வெதுவெதுப்பான தண்ணீர், துளி சோப்பு, முகத்தில் படாமல். முதலில் கழுத்தைச் சுற்றிச் சோப்பு நுரையால் ஒரு வளையம் போட்டுவிடுங்கள். உடம்பு நனைந்ததும் பூச்சிகள் தலையை நோக்கி ஓடும்; அந்த வளையம் மறித்துக்கொள்ளும். இரண்டு மூன்று நிமிடத்தில் அலசி முடித்து, சூடான துண்டால் ஒற்றி, ரோமம் வேர் வரை காயும்வரை கையிலேயே வைத்திருக்க வேண்டும். ஏற்கெனவே துவண்டு கிடக்கும் குட்டிக்கு இது கூடாது. மருத்துவரிடம் போங்கள்.

அடுத்தது தொட்டி. சீப்பைவிட இதுவே பெரிய வேலை, அதிகம் பேர் செய்யாமல் விடுவதும் இதைத்தான். தாய் சாப்பிட இறங்கும் நேரத்தில் பழைய அட்டைப் பெட்டியை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதுப்பெட்டி வையுங்கள். இடம் மாறினால் தாய்க்குச் சந்தேகம் வரும். விரிப்புக்குப் பழைய பருத்தி வேட்டி, சேலை சிறந்தது. சாக்கும் கம்பளியும் வேண்டாம், லார்வா ஒளிந்துகொள்ள அவற்றில் இடம் அதிகம். துணியைத் தினமும், முடியாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்ற வேண்டும். எடுக்கும்போது உதறாதீர்கள். உதறினால் முட்டையை வீடு முழுக்கத் தூவுகிறோம். நான்கு முனையையும் சேர்த்துச் சுருட்டி, நேரே கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் போட்டு, துவைத்து, உச்சி வெயிலில் காய வையுங்கள். முட்டையும் லார்வாவும் வறட்சியையும் கடும் வெயிலையும் தாங்காது. மொட்டைமாடி வெயிலைப் போல மலிவான மருந்து இல்லை. பெட்டி இருந்த தரையைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்து நன்றாகக் காயவிடுங்கள். விரிசல், சுவரோரம், கட்டிலடி எல்லாம் பெருக்கி, பெருக்கியதை வாசலில் கொட்டாமல் பையில் கட்டிப் போடுங்கள்.

தாய்ப்பூனையை மறக்கக் கூடாது. பூச்சியைப் பெட்டிக்குக் கொண்டுவருவதே அதுதான். பாலூட்டும் பூனைக்கும் பாதுகாப்பான மருந்துகள் உண்டு. செலமெக்டின் அவற்றில் ஒன்று, கழுத்துக்குப் பின்னால் சொட்டாக விடுவது. எது, எவ்வளவு என்பதை மருத்துவர் எடை பார்த்துச் சொல்வார். தாய்க்கு மருந்து விட்டு, படுக்கையை மாற்றிக்கொண்டே வந்தால், குட்டிகள் மேல் நீங்கள் எதுவும் தடவாமலே பூச்சி குறையத் தொடங்கும்.

இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ திடீரென்று மறுபடி நாலைந்து பூச்சி தென்படும். மருந்து வேலை செய்யவில்லை என்று பதறி வேறொன்றை வாங்கி ஊற்ற வேண்டாம். கூட்டுப்புழுவாகக் காத்திருந்தவை இப்போது வெளியே வருகின்றன, அவ்வளவுதான். சீப்பும் துணி மாற்றுவதும் தொடரட்டும்.

## தாய் இல்லாத குட்டி

தாய் இரை தேடப் போயிருக்கலாம். குட்டிகள் ஒன்றாகச் சுருண்டு அமைதியாகத் தூங்கினால், சில மணி நேரம் தள்ளி நின்று பார்ப்பதே நல்லது. உண்மையிலேயே தாய் இல்லை என்றால் வேலை நம்முடையது. பசும்பால் வேண்டாம். பூனைப் பாலைவிட அதில் புரதமும் கொழுப்பும் குறைவு, பால்சர்க்கரை அதிகம். பேதியாகி, நீர் வற்றிப் போகும். செல்லப்பிராணிக் கடைகளில் பூனைக்குட்டிகளுக்கான பால்பவுடர் கிடைக்கும். முதல் வாரம் ராத்திரி பகல் பார்க்காமல் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. கைக்குழந்தை மாதிரி மல்லாக்கப் படுக்க வைத்துப் புகட்டினால் பால் மூச்சுக்குழாய்க்குள் போகும். தாயிடம் குடிப்பது போலக் குப்புற இருக்க வேண்டும். மூன்று வாரம் வரை தானாக மூத்திரம் போகவும் தெரியாது. வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் பின்பக்கத்தை மெல்ல வருடினால்தான் போகும், தாய் நக்கிச் செய்வது அதையே.

சமையலறைத் தராசில் தினமும் எடை பாருங்கள். நாளுக்கு 10 முதல் 15 கிராம் கூடினால் எல்லாம் நன்றாகப் போகிறது. எடை அப்படியே நின்றாலோ குறைந்தாலோ, பால் போதவில்லை அல்லது பூச்சி குடித்துக்கொண்டிருக்கிறது. ஈறைப் பாருங்கள்.

## எட்டு வாரத்துக்குப் பிறகு

பூனைகளுக்கான தெள்ளுப்பூச்சி மருந்துகளில் பெரும்பாலானவை எட்டு வாரத்திலிருந்து, சில ஆறு வாரத்திலிருந்து. நைட்டன்பைரம் என்ற மாத்திரையை நான்கு வாரத்திலேயே கொடுக்கலாம் என்று உறையில் போட்டிருக்கும். அதே உறையில் குட்டி ஏறக்குறைய ஒரு கிலோ இருக்க வேண்டும் என்றும் போட்டிருக்கும். நான்கு வாரக் குட்டி அரைக் கிலோகூடத் தேறாது. வயது, எடை இரண்டில் எது பின்னால் வருகிறதோ அதுதான் கணக்கு. பெரிய பூனையின் மருந்தைப் பாதி விட்டால் குட்டிக்குச் சரியாகிவிடும் என்ற கணக்கும் செல்லாது.

அப்புறம் நாடாப்புழு. தெள்ளுப்பூச்சியின் லார்வா நாடாப்புழுவின் முட்டையைத் தின்றிருக்கும். அந்த லார்வா வளர்ந்த பூச்சியாகி, குட்டி தன்னை நக்கும்போது வயிற்றுக்குள் போய்விடும். புழு குடலில் வளர்ந்து துண்டு துண்டாக வெளியே வரும். வாலடியிலோ மலத்திலோ அரிசி போல வெள்ளையாக ஒட்டியிருப்பது அதுதான். பூச்சி தொல்லை இருந்த குட்டி என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வழக்கமாகக் கொடுக்கும் குடற்புழு மருந்துகள் உருளைப்புழுவுக்கானவை. அவற்றில் பல நாடாப்புழுவுக்குக் கேட்காது. நாடாப்புழுவைக் கொல்லும் பிரசிகுவான்டல் சேர்ந்த மருந்தாக எழுதித் தருவார். படுக்கையில் தெள்ளுப்பூச்சி மிச்சம் இருந்தால் அடுத்த மாதம் அதே அரிசி மறுபடி தெரியும்.